திப்பு சுல்தானும் திருவண்ணாமலையும்: வராத பிரெஞ்சுப் படைக்காக 17 வருஷம் காத்திருந்த மைசூர் புலி

பௌர்ணமி கிரிவலத்துக்காக பெங்களூருவில் பஸ் ஏறுபவர்கள் கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் தாண்டித்தான் திருவண்ணாமலைக்குள் வருகிறார்கள். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ரோடு. ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே கடந்துவிடக்கூடிய வழிதான். ஆனால் 250 வருஷத்துக்கு முன்னாடி இந்த வழியில் தூசி கிளம்பினால், மெட்ராஸில் இருந்த ஆங்கிலேயர்களுக்குத் தூக்கம் போய்விடும். மைசூர் படை கீழே இறங்குகிறது என்று அர்த்தம்.

அந்தப் படையை முதலில் நடத்தியவர் ஹைதர் அலி. பிறகு அவருடைய மகன் திப்பு சுல்தான். இரண்டு பேருடைய வாழ்க்கையிலும் திருவண்ணாமலை ஒரு முக்கியமான இடம். அப்பா இங்கே பெரிய தோல்வியைச் சந்தித்தார். 23 வருஷம் கழித்து மகன் இதே ஊரைப் பிடித்தார். ஆனால் ஊரைப் பிடித்த அந்தச் சில வாரங்கள்தான் திப்புவின் ராணுவ வாழ்க்கையிலேயே அவருக்கு ரொம்ப காஸ்ட்லியாகிப் போன நாட்கள். எப்படி?

ஆற்காட்டில் இருந்து வந்த பெயர்

திப்பு பிறந்தது 1751-ல், பெங்களூருவுக்கு வடக்கே உள்ள தேவனஹள்ளியில். இன்றைக்கு பெங்களூரு விமான நிலையம் இருக்கும் பகுதி. ஆனால் அவருடைய பெயர் நம்ம ஆற்காட்டில் இருந்து போனது. ஆற்காட்டில் அடக்கமான திப்பு மஸ்தான் அவுலியா என்ற மகானின் பெயரைத்தான் பெற்றோர் மகனுக்கு வைத்தார்கள். சுல்தான் என்பது பட்டம் இல்லை, பெயரிலேயே சேர்ந்து வந்தது.

ஹைதர் அலிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகனுக்கு அந்தக் குறை இருக்கக்கூடாது என்று பாரசீகம், கணக்கு, குதிரை ஏற்றம், போர்ப் பயிற்சி எல்லாவற்றுக்கும் ஆசிரியர்களை வைத்தார். ஹைதரின் படையில் பிரெஞ்சு அதிகாரிகளும் இருந்தார்கள். ஐரோப்பியப் படைகள் எப்படி வரிசை கட்டிச் சுடும், பீரங்கியை எப்படி நிறுத்தும் என்பதையெல்லாம் சின்ன வயதிலேயே திப்பு பக்கத்தில் இருந்து பார்த்தார். பிரெஞ்சுக்காரர்கள் மீது அவருக்கு இருந்த நம்பிக்கையின் தொடக்கம் இங்கேதான்.

1767: அப்பா தோற்றார், மகன் மெட்ராஸ் வாசலில் இருந்தார்

முதல் மைசூர் போர் 1767-ல் தொடங்கியது. ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து ஆங்கிலேயக் கம்பெனியை எதிர்த்தார்கள். அந்த நிஜாம் கொஞ்ச நாள் முன்புவரை ஆங்கிலேயர் பக்கம் இருந்தவர் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 3-ம் தேதி செங்கத்தில் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படையை ஹைதர் தாக்கினார். தாக்குதலை ஸ்மித் சமாளித்துவிட்டார். ஆனால் படைக்குச் சாப்பாடு இல்லை. அதனால் ஜெயித்த கையோடு திருவண்ணாமலைக்குப் பின்வாங்கினார். அங்கே திருச்சியில் இருந்து வந்த கர்னல் வுட்டின் படையும் சேர்ந்துகொண்டது. அண்ணாமலையார் கோயில் அந்தக் காலத்தில் வழிபாட்டு இடம் மட்டும் இல்லை. உயரமான மதில், நான்கு பக்கமும் கோபுரம், உள்ளே குளம் என்று ஒரு கோட்டைக்கு வேண்டியதெல்லாம் இருந்ததால், கர்நாடகப் போர்களில் யார் வந்தாலும் முதலில் கண் வைப்பது அதன் மேல்தான்.

செப்டம்பர் 25, 26 தேதிகளில் ஊருக்கு வெளியே பெரிய சண்டை. ஹைதர், நிஜாம் பக்கம் ஆட்கள் பல மடங்கு அதிகம். அவர்களுக்கு முன்னால் சதுப்பு நிலம் இருந்ததால், ஸ்மித் நேராகப் போகாமல் ஒரு குன்றைச் சுற்றிப் படையை நகர்த்தினார். எதிர்த் தரப்புக்கு அது பின்வாங்குவது போலத் தெரிந்தது. விரட்டிப் பிடிக்கலாம் என்று அவர்களும் குன்றின் மறுபக்கமாகப் பாய்ந்தார்கள். இரண்டு படையும் எதிர்பாராமல் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. ஒழுங்காக வரிசை கட்டியிருந்த ஸ்மித்தின் படை அடித்து நொறுக்கியது. ஹைதரும் நிஜாமும் இழந்த பீரங்கிகள் மட்டும் அறுபதுக்கு மேல். இதற்குப் பிறகு நிஜாமுக்கு ஆர்வம் போய்விட்டது. அடுத்த வருஷம் பிப்ரவரியில் ஆங்கிலேயர்களோடு தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்.

இது நடந்தபோது திப்பு எங்கே? பதினாறு வயதுகூட முழுசாக நிரம்பாத அவர், தளபதி காஜி கானின் துணையோடு ஒரு குதிரைப்படையை ஓட்டிக்கொண்டு மெட்ராஸ் எல்லைக்கே போய்விட்டார். பரங்கிமலைப் பக்கம் இருந்த கம்பெனி அதிகாரிகளின் தோட்ட வீடுகள் சூறையாடப்பட்டன. மூத்த அதிகாரிகளே மயிரிழையில் தப்பினார்கள். அப்போதுதான் திருவண்ணாமலைத் தோல்விச் செய்தி வந்தது. பின்னால் வழி அடைபடுவதற்குள் படையைத் திருப்பிக்கொண்டு அப்பாவிடம் போய்ச் சேர்ந்தார்.

இந்த முதல் அனுபவத்தில் இருந்து திப்பு ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஆங்கிலேயர்களை மைதானத்தில் எதிர்த்து நிற்பது கஷ்டம். ஆனால் குதிரைப்படையோடு சமவெளியில் புகுந்துவிட்டால் அவர்கள் பதறிவிடுவார்கள். 1769-ல் ஹைதரே இதை நிரூபித்தார். ஆங்கிலேயப் படையை வேறெங்கோ அலையவிட்டு, அவர் திடீரென மெட்ராஸ் வாசலில் வந்து நின்றார். கம்பெனி வேறு வழியில்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. யாராவது தாக்கினால் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்று அதில் இருந்தது. சீக்கிரமே மராத்தியர்கள் மைசூரைத் தாக்கினார்கள். ஆங்கிலேயர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மைசூர் அரண்மனை அதை மறக்கவே இல்லை.

புள்ளலூர்: ஆங்கிலேயர்களை உலுக்கிய காலை

1780 ஜூலையில் ஹைதர் மறுபடியும் செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். இந்த முறை 80,000-க்கும் மேற்பட்ட படை. ஆங்கிலேயர்களுக்கு ஒரு மணி அரிசிகூடக் கிடைக்கக்கூடாது என்று வழியெங்கும் ஊர்கள் எரிக்கப்பட்டன. மெட்ராஸைச் சுற்றியும் வேலூரைச் சுற்றியும் மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். பின்னாடியே பஞ்சமும் வந்தது. போரின் வீர சாகசங்களைப் பேசும்போது இந்தப் பக்கத்தை நிறைய பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். செத்தவர்களில் பெரும்பாலானவர்கள் எந்தப் படையிலும் இல்லாத நம்ம ஊர் விவசாயிகள்.

கர்னல் பெய்லி என்பவர் குண்டூர் பக்கம் இருந்து ஒரு படையோடு வந்துகொண்டிருந்தார். காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோவின் படையோடு சேர்வது அவர் திட்டம். இரண்டும் சேராமல் பார்த்துக்கொள்ளும் வேலை திப்புவுக்கு. செப்டம்பர் 10-ம் தேதி காலை, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் பெய்லியை மடக்கினார். ஹைதரும் முழுப்படையோடு வந்து சேர்ந்தார். மைசூர் ராக்கெட்டுகளும் பீரங்கிக் குண்டுகளும் சீறிவர, பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அதற்குமேல் சண்டை போட அந்தப் படையிடம் ஒன்றும் இல்லை. பெய்லி உட்பட பிழைத்தவர்கள் கைதிகளாக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போனார்கள். பெய்லி அங்கேயே 1782-ல் இறந்தார். சில மைல் தூரத்தில் இருந்த மன்றோ, கனமான பீரங்கிகளை காஞ்சிபுரத்தில் ஒரு குளத்தில் தள்ளிவிட்டு மெட்ராஸுக்கு ஓடினார்.

கைதானவர்களில் டேவிட் பேர்ட் என்ற இளம் அதிகாரியும் ஒருவர். மூன்றரை வருஷத்துக்கு மேல் சிறையில் கிடந்தார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருவார்.

மைசூர் ராக்கெட்டில் என்ன விசேஷம்? வாணவெடி எல்லா நாட்டிலும் இருந்தது. ஆனால் மருந்தை அட்டையிலோ மூங்கிலிலோ அடைக்காமல் இரும்புக் குழாயில் அடைத்தது மைசூர்தான். இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கும், அதனால் அதிக தூரம் போகும். திப்பு இதற்கென்றே படையில் தனிப் பிரிவுகளை வைத்திருந்தார்.

1782 பிப்ரவரியில் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அன்னகுடியில், கர்னல் பிரெய்த்வெய்ட்டின் சுமார் 2,000 பேர் கொண்ட படையையும் திப்பு சுற்றி வளைத்துச் சிறைபிடித்தார். முப்பது வயதை ஒட்டிய காலத்திலேயே இரண்டு ஆங்கிலேயப் படைகளின் அழிவு திப்புவின் கணக்கில் சேர்ந்திருந்தது.

பிரெஞ்சு கப்பல்கள் வந்தன, ஆனா...

அதே 1782-ல்தான் திப்புவின் நீண்ட காத்திருப்பு தொடங்குகிறது. அமெரிக்காவின் சுதந்திரப் போரில் பிரான்ஸ் ஆங்கிலேயர்களுக்கு எதிராக இறங்கியிருந்தது. அந்தச் சண்டையின் ஒரு கிளையாக அட்மிரல் சஃப்ரனின் கப்பல் படை வங்காள விரிகுடாவுக்கு வந்தது. பரங்கிப்பேட்டையில் பிரெஞ்சு வீரர்கள் இறங்கினார்கள். கடலூர் அவர்கள் கைக்கு வந்தது. மைசூருக்கு இது பெரிய நம்பிக்கை.

அந்த டிசம்பர் 7-ம் தேதி, சித்தூர் பக்கத்து முகாமில் ஹைதர் அலி நோயால் இறந்தார். திப்பு அப்போது மலபாரில் போரில் இருந்தார். விஷயம் வெளியே தெரிந்தால் படை கலைந்துவிடும் என்று மந்திரிகள் ஹைதரின் உடலைப் பெட்டியில் வைத்து, பொக்கிஷம் போவது போல ரகசியமாக கோலாருக்கு அனுப்பினார்கள். தகவல் கிடைத்த திப்பு விரைந்து வந்து, சண்டை சச்சரவு இல்லாமல் ஆட்சியைக் கையில் எடுத்தார்.

அடுத்த வருஷம் மங்களூர் கோட்டையை முற்றுகையிட்டார். பிரெஞ்சு அதிகாரிகளும் கூட இருந்தார்கள். ஆனால் 1783 ஜூலையில் ஐரோப்பாவில் இருந்து செய்தி வந்தது: பிரான்ஸும் இங்கிலாந்தும் சமாதானம் ஆகிவிட்டன. பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையைப் பாதியில் விட்டு விலகினார்கள். திப்பு கொதித்துப்போனார். தனியாகவே முற்றுகையைத் தொடர்ந்து, 1784 ஜனவரியில் கோட்டையைப் பணியவைத்தார். மார்ச்சில் கையெழுத்தான மங்களூர் ஒப்பந்தத்துக்கு ஆங்கிலேயத் தூதர்கள் திப்புவின் முகாமைத் தேடி வர வேண்டியிருந்தது. ஓர் இந்திய மன்னர் சொன்ன இடத்துக்கு வந்து, சமமாக உட்கார்ந்து கம்பெனி போட்ட கடைசி ஒப்பந்தம் என்று இதைச் சொல்லலாம்.

இதே காலகட்டத்தில்தான் கனரா கடற்கரையின் கத்தோலிக்கர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சிறை கொண்டுபோகப்பட்டார்கள். மங்களூர், குடகு, மலபார் பகுதிகளில் திப்புவின் பெயர் இன்றைக்கும் வேறு மாதிரி நினைக்கப்படுவதற்குக் காரணம் இருக்கிறது.

மங்களூரில் பட்ட பாட்டுக்குப் பிறகும் திப்பு பிரான்ஸைக் கைவிடவில்லை. 1787-ல் புதுச்சேரியில் இருந்து மூன்று தூதர்களைக் கப்பலேற்றினார். 1788 ஆகஸ்ட் 10 அன்று வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி அவர்களை வரவேற்றார். பாரீஸ் மக்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் கஜானா காலியான அரசு அது. படை தருகிறோம் என்ற வாக்குறுதி மட்டும் கிடைக்கவில்லை. அடுத்த வருஷமே பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது.

திருவண்ணாமலையைப் பிடித்த குளிர்காலம்

1789 கடைசியில் திருவிதாங்கூரின் எல்லை அரண்களைத் திப்பு தாக்கினார். திருவிதாங்கூர் கம்பெனியின் நண்பன். மூன்றாம் மைசூர் போர் தொடங்கிவிட்டது. இந்த முறை மராத்தியர்களும் நிஜாமும் ஆங்கிலேயர்களோடு கைகோர்த்தார்கள். மூன்று பக்கமும் எதிரி.

ஆனாலும் தொடக்கத்தில் திப்பு விளையாட்டுக் காட்டினார். கோயம்புத்தூர் பகுதியில் இருந்த ஜெனரல் மெடோஸை ஏமாற்றிவிட்டு, 1790 செப்டம்பரில் கஜலட்டி கணவாய் வழியாக இறங்கி, சத்தியமங்கலத்தில் ஒரு படைப்பிரிவைத் திணறடித்தார். பிறகு வேகமாகக் கிழக்கே திரும்பினார். திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கம் சூறையாடல். அடுத்து தியாகதுர்கம். அங்கே கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. அங்கிருந்து திருவண்ணாமலை.

1790-91 குளிர்காலத்தில் திருவண்ணாமலை திப்பு வசம் வந்தது. அப்பா பீரங்கிகளைப் பறிகொடுத்த அதே ஊர். திப்பு அங்கே தங்கவில்லை. திண்டிவனம் பக்கத்து பெருமுக்கல் கோட்டையையும் பிடித்துக்கொண்டு புதுச்சேரியை நெருங்கினார். ஏன் புதுச்சேரி? அங்கேதான் பிரெஞ்சுக் கொடி பறந்தது.

அங்கிருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவர் மூலமாக பதினாறாம் லூயிக்கு மறுபடியும் வேண்டுகோள் போனது. 6,000 பிரெஞ்சு வீரர்கள் வேண்டும், செலவு முழுவதும் என்னுடையது என்பதுதான் அதன் சாரம். பாரீஸில் அந்த மன்னரே கிட்டத்தட்ட கைதி நிலையில் இருந்தார். அமெரிக்காவுக்கு உதவப் போய் பட்டதே போதும், மறுபடி அந்த வம்பு வேண்டாம் என்று அவர் ஒதுங்கிக்கொண்டார்.

திப்பு இப்படிக் கடற்கரையில் நாட்களைக் கழித்துக்கொண்டிருந்தபோது, ஆங்கிலேயர் பக்கம் ஆளே மாறிவிட்டார். 1791 ஜனவரி கடைசியில் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் நேரடியாகத் தலைமை ஏற்றார். பத்து வருஷத்துக்கு முன்பு அமெரிக்காவின் யார்க்டவுனில் சரணடைந்து பேரைக் கெடுத்துக்கொண்ட அதே கார்ன்வாலிஸ். அவர் ஆம்பூர் பக்கம் போவது போலப் போக்குக் காட்டிவிட்டு, வடக்கே சித்தூரைத் தாண்டி மொகிலி கணவாய் வழியாக மைசூர் பீடபூமிக்கு ஏறினார். தடுக்க ஆள் இல்லை. திப்பு செங்கம் வழியாக அவசர அவசரமாகத் திரும்பினார். லேட்டாகிவிட்டது. மார்ச் 21-ம் தேதி பெங்களூரு கோட்டை விழுந்தது.

திப்பு செய்தது முட்டாள்தனமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. 1769-ல் அவருடைய அப்பா ஜெயித்த ஃபார்முலா இதுதானே. சமவெளியில் புகுந்து மிரட்டினால் மெட்ராஸ் பணிந்துவிடும். ஆனால் 1791-ல் முடிவெடுத்தது மெட்ராஸ் கவுன்சில் இல்லை, கல்கத்தாவில் இருந்து வந்த கவர்னர் ஜெனரல். மராத்தியர், நிஜாம் துணையும் இருந்தது. பழைய மிரட்டல் வேலைக்கு ஆகவில்லை. கணவாய்களைக் காக்க வேண்டிய வாரங்களை, வராத ஒரு படைக்காகச் செலவழித்தார் என்பதுதான் உண்மை.

அந்த மே மாதம் மழையும் பசியும் கார்ன்வாலிஸைத் திருப்பி அனுப்பின. 1792 பிப்ரவரியில் அவர் மறுபடியும் வந்தார். மார்ச்சில் போடப்பட்ட ஒப்பந்தத்தில் திப்பு இழந்தது பாதி ராஜ்ஜியம், அதற்கு மேல் 3 கோடியே 30 லட்சம் ரூபாய். பணம் கட்டும்வரை இரண்டு மகன்கள் பிணை. பத்து வயதை ஒட்டிய சிறுவர்கள் மெட்ராஸுக்குக் கொண்டுபோகப்பட்டு, 1794-ல்தான் வீடு திரும்பினார்கள். இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், திண்டுக்கல் பகுதிகள் கம்பெனிக்குப் போனது இந்த ஒப்பந்தத்தில்தான். செங்கம் கணவாயின் மேல் வாசலும் அதோடு போனது. திப்புவால் அதன்பிறகு திருவண்ணாமலைப் பக்கம் இறங்கவே முடியவில்லை.

நெப்போலியன் எழுதிய கடிதம்

பணத்தைக் கட்டி, மகன்களை மீட்டு, படையைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த திப்புவுக்கு 1797-ல் ஒரு வித்தியாசமான விருந்தாளி. ரிபோ என்ற பிரெஞ்சுக் கடலோடி, உடைந்த கப்பலோடு மங்களூரில் கரை ஒதுங்கினார். மொரீஷியஸில் பெரிய பிரெஞ்சுப் படை தயாராக இருப்பதாக அளந்துவிட்டார். மந்திரிகள் நம்பவில்லை. திப்பு நம்பினார், தூதர்களை அனுப்பினார்.

மொரீஷியஸ் கவர்னர் மலார்டிக்கிடம் படையே இல்லை. அவர் செய்த காரியம் அதைவிட மோசம். ரகசியமாக வைத்திருக்க வேண்டிய விஷயத்தை, 1798 ஜனவரியில் பொது அறிவிப்பாகவே வெளியிட்டார்: திப்புவுக்காக ஆங்கிலேயர்களோடு சண்டை போட விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம். வந்தவர்கள் நூறு பேர் வாக்கில். அந்த அறிவிப்பு கல்கத்தா போய்ச் சேர்ந்தது. புதிதாக வந்திருந்த கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்குப் போர் தொடுக்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

அந்த ஜூலையில் நெப்போலியன் எகிப்தில் இறங்கினார். இந்தியாவில் ஆங்கிலேயர்களை அசைப்பதும் அவர் கணக்கில் இருந்தது. 1799 ஜனவரி கடைசியில் கெய்ரோவில் இருந்து திப்புவுக்குக் கடிதம் எழுதினார். பெரிய படையோடு செங்கடல் ஓரம் வந்துவிட்டேன், உங்களை ஆங்கிலேயர் பிடியில் இருந்து விடுவிக்க விரும்புகிறேன், நம்பகமான ஆளை அனுப்புங்கள் என்பதுபோன்ற செய்தி. 17 வருஷமாக திப்பு எதிர்பார்த்த கடிதம் அது. அது ஜெட்டாவில் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. திப்பு அதைப் பார்க்கவே இல்லை.

பார்த்திருந்தாலும் பெரிய பலன் இருந்திருக்காது. முந்தைய ஆகஸ்டிலேயே நெல்சன், நெப்போலியனின் கப்பல் படையை நைல் நதி முகத்துவாரத்தில் எரித்துவிட்டார். செங்கடலில் இருந்து மங்களூருக்கு வர அவரிடம் கப்பல் ஏது?

மே 4, மதியம்

1799 பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரில் இருந்து கிளம்பியது. ஏப்ரலில் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையில் இருந்தது. கவர்னர் ஜெனரலின் தம்பி ஆர்தர் வெல்லெஸ்லி, கோட்டைக்கு வெளியே ஒரு தோப்பில் நடத்திய இரவுத் தாக்குதலில் வழி தெரியாமல் தடுமாறி, திப்புவின் வீரர்களிடம் அடி வாங்கித் திரும்பினார். பதினாறு வருஷம் கழித்து வாட்டர்லூவில் நெப்போலியனை வீழ்த்திய டியூக் ஆஃப் வெலிங்டன் இவர்தான்.

மே 3-ம் தேதி கோட்டைச் சுவர் உடைந்தது. மறுநாள் மதியம் ஒரு மணி வெயிலில் தாக்குதல். தலைமை ஏற்றவர் டேவிட் பேர்ட். புள்ளலூரில் பிடிபட்டு, இதே ஊரின் சிறையில் வருஷக்கணக்கில் கிடந்தவர். சாப்பாட்டை முடிக்காமல் எழுந்து ஓடிய திப்பு, சாதாரண வீரனைப் போல சுவர் மேல் நின்று சுட்டார். காயங்களோடு உள்வாசலை அடைந்தபோது கூட்டத்தில் சிக்கினார். இரவில் தீப்பந்தம் பிடித்துத் தேடியபோதுதான் பிணக் குவியலுக்குள் அவர் உடல் கிடைத்தது. வயது 47.

அந்த நாளில் நெப்போலியன் எங்கே இருந்தார் தெரியுமா? பாலஸ்தீனக் கடற்கரையில் ஏக்கர் கோட்டை முன்னால், உள்ளே போக முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். அந்த மாதமே முற்றுகையைக் கைவிட்டு எகிப்துக்குத் திரும்பினார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. வில்லியம் காங்ரீவ் அவற்றைப் பார்த்துத் தன் ராக்கெட்டுகளை உருவாக்கினார். 1806-ல் பிரெஞ்சுத் துறைமுகமான பூலோன் மீது அவை பாய்ந்தன. 1813-ல் லைப்சிக் போரில் ரஷ்ய, பிரஷ்ய, ஆஸ்திரியப் படைகளோடு நின்ற ஆங்கிலேய ராக்கெட் பிரிவு, நெப்போலியனின் வீரர்கள் மீது அவற்றை ஏவியது. திப்புவுக்கு பிரான்ஸில் இருந்து படை வரவில்லை. திப்புவின் ஆயுதம் மட்டும் பிரான்ஸுக்கு எதிராகப் போய்ச் சேர்ந்தது.

குடும்பம் வேலூருக்கு வந்தது

திப்புவின் மகன்கள், மனைவியர், உறவினர்கள் எல்லோரையும் ஆங்கிலேயர்கள் வேலூர் கோட்டைக்குக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். திருவண்ணாமலையில் இருந்து சுமார் 80 கிலோமீட்டர். 1806 ஜூலை 10 விடிவதற்குள், புதிய தலைப்பாகை உத்தரவால் கொதித்துப்போயிருந்த சிப்பாய்கள் அங்கே கிளர்ந்தெழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டார்கள். கோட்டையில் மைசூரின் புலிக் கொடி ஏறியது. சில மணி நேரம்தான். ஆற்காட்டில் இருந்து வந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை கோட்டையை மீட்டு, சிப்பாய்களை நூற்றுக்கணக்கில் கொன்றது.

அதன்பிறகு திப்புவின் மகன்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஹைதரின் மனைவி பக்ஷி பேகமும் திப்புவின் மனைவி பாதுஷா பேகமும் வேலூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். கோட்டைக்குக் கிழக்கே, சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அந்தக் கல்லறைகளை இன்றும் பார்க்கலாம்.